இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

செப்டம்பர் 25, வியாழன்

இன்று விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை.

எட்டு நாளைக்குப் பிறகு காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்திலும் பிடித்து வைத்தேன். இடது முட்டியில் லேசாக வலி. தைலம் தேய்த்துக்கொண்டேன். மதியம் இளநீர்க்காரர் கதிரேசன் வந்தார். நான்கு இளநீர் வாங்கினேன். நல்ல மனிதர். கூப்பிட்ட குரலுக்குத் தள்ளுவண்டியை அப்படியே ரோட்டில் விட்டுவிட்டு ஓடி வருவார். கையில் பலமும் இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. கடைசி நேரத்தில் அவதிப்படக் கூடாது என்று பேத்தி சம்யுவின் பைக்குக்கு இன்றே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். இடது பக்கம் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். வேல் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று வாங்கி அதே பக்கத்தில் ஒட்டினேன். கடைக்காரன் சின்னதைக் காட்டினான். பெரியதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

அம்மிக்குழவியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

சம்யு வேலைக்குக் கிளம்பும்போது ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங் அமுச்சி, என்ற வண்டிக்கு என்ன திடீர்னு வேல் எல்லாம்?"

"பூஜை வருதில்ல கண்ணு."

"ஊட்டு கதவு சைசுக்கு ஒட்டியிருக்கீங்க!"

"முருகன் பெருசாத்தான் இருப்பாரு" என்றேன். சிரித்துக்கொண்டே கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

சம்யுக்தா என் மகள் வயிற்றுப் பேத்தி. அவளுடைய அப்பா, அம்மா திருப்பூரில் இருக்கிறார்கள். இவளுக்குக் கோவையில் வேலை என்பதால் என்னோடு இருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர், சனி ஞாயிறு பைக் பந்தயம். ரோட்டில் ஓட்டும் அதே வண்டிதான். தடத்துக்குப் போகும்போது கண்ணாடியையும் விளக்கையும் கழற்றிவிட்டு நம்பர் ஒட்டுவார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் அந்தத் தடத்தில் இவள் முழங்கால் தரையில் உரசுகிற மாதிரி சாய்ந்து திரும்புவதை இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் சொல்லிவிட்டேன். ஒருத்தருக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன் என்று சம்யு சொல்கிறாள். இருக்கட்டும்.

கதிரேசன் வாசலில் நின்று, "என்னங்கம்மா, வண்டி நல்லாருக்குதுங்ளா?" என்று கேட்டார். எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. மூன்று இளநீர் வாங்கினேன்.

செப்டம்பர் 27, சனி

சம்யு பயிற்சிக்குப் போய்விட்டு மத்தியானமே திரும்பி வந்தாள். ஹெல்மெட்டை சோபாவில் போட்டுவிட்டு சாப்பாடு வேண்டாம் என்றாள். தட்டப்பயறு குழம்பு வைத்திருந்தேன். அதை வேண்டாம் என்கிற பெண் இல்லை இவள்.

"கியர் விழமாட்டேங்குது அமுச்சி. ரெண்டுல இருந்து மூணுக்குத் தட்டுனா மூணுக்கும் போகல, ரெண்டுலயும் நிக்கல. நடுவுல தொங்குது. இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி போக மாட்டேங்குது. பின்னாடி வந்த பொண்ணு என்ற மேல ஏத்தியிருப்பா, தப்பிச்சேன்."

என்ன காரணம் என்று கேட்டேன்.

அந்த வண்டியில் குயிக் ஷிஃப்டர் என்று ஒன்று இருக்கிறதாம். கியர் மாற்றும்போது கிளட்சைப் பிடிக்க வேண்டாம், ஆக்சிலேட்டரை விடவும் வேண்டாம். இடது காலால் லிவரை மேலே ஒரு தட்டு தட்டினால் போதும். லிவரோடு சேர்ந்த ஒரு கம்பியில் சின்ன சென்சார் இருக்கிறது. கால் பட்டதை அது இன்ஜினுக்குச் சொல்லும். இன்ஜின் கண் சிமிட்டுகிற நேரம் மூச்சைப் பிடித்து விடும். அதற்குள் கியர் மாறிவிடும். இப்போது அந்த சென்சார் ஒரு தடவை சொல்கிறது, ஒரு தடவை சொல்ல மறுக்கிறது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துது கண்ணு?" என்று கேட்டேன்.

"நேத்து நான் எடுக்கவே இல்லீங்களே. போன ஞாயித்துக்கிழமை ஓட்டுனதுதான். அதுக்கப்புறம் யாருமே தொடல."

நான் குழம்பைச் சூடு பண்ணப் போய்விட்டேன்.

பந்தயம் அக்டோபர் ஐந்தாம் தேதி. அன்றைக்குச் சென்னையில் இருந்து ஓர் அணியின் மேலாளர் பார்க்க வருகிறார். முதல் மூன்று பேருக்குள் வந்தால் சம்யுவை அணியில் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு வருஷமாக இந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறாள், இனிப்பைத் தொடாமல் இருக்கிறாள். என் கச்சாயத்தைக்கூட.

செப்டம்பர் 28, ஞாயிறு

மெக்கானிக் சிவசெல்வம் வந்தான். முப்பது வயது இருக்கும். கணபதியில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறான். பந்தயம் முடியும் வரை எங்கள் வீட்டுப் போர்டிகோதான் அவனுக்குப் பட்டறை. சென்னை அணிக்கு ஒரு மெக்கானிக்கும் வேண்டுமாம். இவனுக்கும் அதில் ஒரு கண்.

சங்கிலி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தான். சரியாக இருந்தது. சென்சார் ஒயரைப் பிடுங்கிச் சுத்தம் பண்ணித் திரும்ப மாட்டினான். ஆயில் மாற்றினான். லிவரைக் கையால் ஆட்டிப் பார்த்து, "நேராத்தான் இருக்குது" என்றான். நேராகத்தான் இருக்கும். மெனக்கெட்டு நேராக்கினால் நேராகத்தானே இருக்கும்.

லிவருக்குப் பின்னால் உள்ள கம்பி முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தது. துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் குனிந்தவன், சந்தனத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

"பூஜைக்கு வெச்ச பொட்டுங்களா பாட்டிம்மா?"

"ஆமா தம்பி."

"அப்ப பூஜை முடியட்டுங்க. நான் தொடமாட்டேன்."

பக்தியுள்ள பையன். இன்றைக்குப் பார்த்து அந்த பக்தி எனக்குப் பிடிக்கவில்லை.

கொலுவுக்குச் சுண்டல்: மொச்சை. தேங்காய் துருவ வேண்டிய அவசியம் இல்லை. இளநீர் வழுக்கையே வீட்டில் நிறைய இருக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது.

சாயங்காலம் இரண்டு பேருக்கும் சண்டை. சிவசெல்வம் லேப்டாப்பை வண்டியோடு இணைத்து, இன்ஜின் மூச்சைப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டினான், குறைத்தான். தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது கியர் அதே மாதிரி நடுவில் தொங்கியது.

"கோவிச்சுக்காதீங்க சம்யு. கம்ப்யூட்டர்ல பாத்தா லிவர் மேல எப்பவுமே அழுத்தம் இருக்கற மாதிரி காட்டுது. நீங்க காலைத் தூக்காம லிவர் மேலயே வெச்சிருக்கறீங்க."

"ரெண்டு வருசமா வெக்காத காலை இந்த வாரம் வெக்கறனா?"

"டென்சன்ல வெப்பாங்க."

"அண்ணா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. என்ற கால் மேல பழி போடாதீங்க."

அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. டூல்ஸை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு காப்பிகூடக் குடிக்காமல் போனான். சம்யு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு இளநீரை வெட்டிக் கொடுத்தேன்.

என் கை பட்டு ஒரு பொருள் உடைந்தது கிடையாது. இதை இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் வந்த ஊறுகாய் ஜாடி இன்னும் கீறல் இல்லாமல் இருக்கிறது. போன மாதம் வேலைக்காரப் பெண் ஒரு டம்ளரை நெளித்துவிட்டாள் என்று நான் எவ்வளவு பேசினேன் என்பதும் தெருவுக்குத் தெரியும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

போனில் சமாதானம் பேசி சிவசெல்வத்தை வரவழைத்தேன்.

நானாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பார்க்க வேண்டியதை அவர்களே பார்த்துவிட்டால் முடிந்தது. அதற்கு ஒரு வழி செய்யலாம் என்று காலையிலேயே முடிவு பண்ணினேன்.

முதலில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏன் தம்பி, லிவருக்குப் பின்னால ஒரு சின்னக் கம்பி போகுதே, அது எதுக்கு?" என்று கேட்டேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். கால் மணி நேரம் விளக்கினான். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினான். படத்தில் கம்பி நேராக இருந்தது. வண்டியில் இருக்கும் கம்பியை ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே.

அடுத்து, கம்பிக்கு நேராகத் தரையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தேன். சம்யு அதை எடுத்து ஜூஸ் போட்டுவிட்டாள்.

கடைசியாக, "விடியற்காலையில ஒரு கனவு. முருகன் வந்து, இடது பக்கம் பாருன்னு சொன்னாரு" என்றேன்.

"இடது பக்கத்துல எதைன்னு சொன்னாரா அமுச்சி?"

"கீழாப்புல."

சிவசெல்வம் தலையைத் தூக்காமலே, "அடுத்த தடவை வந்தா பார்ட் நம்பரோட சொல்லச் சொல்லுங்க பாட்டிம்மா" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சண்டை தீர்ந்தது ஒன்றுதான் லாபம்.

சிரிப்பு நின்ற பிறகு அவன் சொன்னதை எழுதவே கை வரவில்லை. வெளியில் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாகிவிட்டதாம். கோளாறு உள்ளே, கியர் பாக்ஸில் இருக்கிறதாம். நாளை ஆயுத பூஜை, டூல்ஸைத் தொடமாட்டான். வியாழக்கிழமை காலையில் இன்ஜினைக் கீழே இறக்கிப் பிரிக்க வேண்டும். பிரித்தால் திரும்பப் பூட்ட ஒரு வாரம்.

"அப்ப ஞாயித்துக்கிழமை?" என்று சம்யு கேட்டாள்.

அவன் ஸ்பேனர்களைத் துடைத்துப் பூஜைக்கு எடுத்து வைத்தான்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

பூசணிக்காய் உடைத்தோம். பொரி, கடலை, சுண்டல். சுண்டலுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

சிவசெல்வத்தின் ஸ்பேனர் எல்லாம் எங்கள் வீட்டுப் பூஜையில்தான் வரிசையாக இருந்தது. அவன் சூடம் காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். சம்யுவும் நின்றாள். நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

காலை ஏழு மணிக்கே சிவசெல்வம் வந்துவிட்டான். பூஜையில் இருந்து ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டிப் பக்கம் உட்கார்ந்தான். ஆயில் வடிக்கும் சட்டியைத் தேடினான். காணவில்லை. அது என் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குத் தெரியும்.

அவன் சளைக்கவில்லை. ஒரு பழைய பக்கெட்டை எடுத்துவந்து வண்டிக்கு அடியில் வைத்தான். முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான். சம்யு அந்தப் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முதுகைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"தம்பி, அதை எடு. இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். அந்தக் கம்பியில இருக்கற சந்தனத்தைத் தொடை."

"பாட்டிம்மா, நல்ல நாள் அதுவுமா..."

"நான் வெச்ச பொட்டு. நான் சொல்றேன், தொடை."

அவன் தயங்கினான். நானே முந்தானையால் துடைத்தேன். சந்தனம் உதிர்ந்தது. உள்ளே கம்பி, கோணி ஊசி வளைந்த மாதிரி வளைந்திருந்தது. பக்கத்துத் தகட்டில் உரசி உரசிப் பளபளவென்று ஆகியிருந்தது.

சிவசெல்வம் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அதான். கம்பி வளைஞ்சு தகட்டுல முட்டிக்கிட்டு சென்சாரை எந்நேரமும் அமுக்கிட்டே இருந்துருக்குது. அப்புறம் நெசமாலுமே கால் பட்டா அதுக்கு எப்படித் தெரியும்?" என்று தனக்குத்தானே பேசினான். பிறகு லிவரைத் தடவிப் பார்த்தான். "இதும் வளைஞ்சு, யாரோ தட்டி நேராக்கியிருக்காங்க. சுத்தியல்ல தட்டுன மாதிரியும் தெரியல."

"குழவி" என்றேன்.

சம்யு மெதுவாகத் திரும்பினாள்.

"தொடைக்கறப்ப சாஞ்சிருச்சு கண்ணு."

"சாஞ்சுதுங்ளா, விழுந்துதுங்ளா?"

"விழுந்த மாதிரி சாஞ்சுது."

"எப்போ?"

"போன வியாழக்கிழமை. எளநிக்காரருதான் தூக்கி விட்டாரு."

"அதான் ஊட்டுல எளநியா ஓடுதா!" என்று கத்தினாள். "ஒரு வாரமா நான் அழுதுட்டு இருக்கேன், என்ற கையில எளநி வெட்டிக் குடுத்துட்டு நின்னீங்களே அமுச்சி! செல்வாண்ணன எத்தனை பேச்சுப் பேசிட்டேன்! ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

என் கை பட்டு எதுவும் உடையாது என்று சொல்லிச் சொல்லியே வயதாகிவிட்டது. சமையலறைக்குப் போய்ச் சட்டியை எடுத்துவந்து சிவசெல்வம் பக்கத்தில் வைத்தேன். அதைப் பார்த்ததும் அவன் சிரிக்க ஆரம்பித்தான். சம்யு சிரிக்கவில்லை.

விஜயதசமி என்பதால் லேத்துக்காரர்கள் எல்லோரும் சாமி கும்பிட்டுப் புது வேலை தொடங்குகிற நாள். கணபதியில் ஒரு லேத்தில் முதல் வேலையாக எங்கள் கம்பியைத்தான் கடைந்தார்கள். புது லிவரும் மாட்டியாகிவிட்டது. கம்பி எங்கேயும் முட்டவில்லை. சம்யு ஒரு சுற்று போய்விட்டு வந்தாள். இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் விழும் சத்தம் தெரு முனையில் இருந்தே கேட்டது, டக் டக்கென்று.

வந்து வண்டியை நிறுத்தினாள். என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

பேசவில்லை.

அக்டோபர் 4, சனி

பயிற்சிக்குப் போய் வந்தாள். தட்டப்பயறு குழம்பு வைத்தேன். பேசாமலே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, "நாளைக்கு எட்டு மணிக்குக் கெளம்பணும். வெள்ளைச் சேலை கட்டாதீங்க, புழுதி" என்றாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

பந்தயம் பத்து மணிக்கு. பதினொரு பெண்கள், எட்டுச் சுற்று. சம்யு ஆறாவதாகத்தான் கிளம்பினாள். நேர் ரோட்டில் ஒவ்வொரு தடவை அவள் எங்களைத் தாண்டும்போதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. இரண்டில் இருந்து மூன்றுக்குப் போகும் சத்தம் ஒன்றுதான் காதில். டக். போனது. டக். போனது. ஐந்தாவது சுற்றில் நான்காவதாக வந்தாள். கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் ஒருத்தியை உள்பக்கமாக முந்தி மூன்றாவதாகக் கோட்டைத் தொட்டாள். ஒரு சக்கரம்கூட இருக்காது வித்தியாசம். நான் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்றவர் காதைப் பொத்திக்கொண்டார்.

சென்னை மேலாளர் ஒரு பெண். மாளவிகா என்று பெயர். கட்டை முடி, கையில் ஒரு நோட்டு. சம்யுவின் கையைக் குலுக்கி, அடுத்த மாதம் சென்னைக்கு வரச் சொன்னார். பிறகு, "போன வாரம் கியர்ல ஏதோ பிரச்சினைன்னு சொன்னாங்களே, எப்படி சரி ஆச்சு?" என்று கேட்டார்.

சம்யு என்னைப் பார்த்தாள். அப்புறம் என் தோளில் கை போட்டாள். வியாழக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான். "என்ற அமுச்சிதாங்க கண்டுபிடிச்சாங்க. இன்ஜினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி, கம்பி வளைஞ்சிருக்குன்னு காட்டிக் குடுத்தாங்க."

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. பொய் இல்லையே. காட்டியது நான்தானே.

மாளவிகா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கிரேட் பாட்டி! எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது."

"அஞ்சாவது படிச்ச பாட்டி, வண்டியில ஏறிக்கூடப் பாக்காதவங்க, ஒரே பார்வையில கண்டுபிடிச்சிருக்காங்க." பிறகு சிவசெல்வம் பக்கம் திரும்பினார். குரல் மாறிவிட்டது. "நாலு நாள் பாத்தும் உங்களுக்குத் தெரியலையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எல்லாம் தெரிந்தவன். நான் வருத்தப்படுவேன் என்று அந்தப் பிள்ளை வாயைத் திறக்காமல் நின்றான். அவர் நோட்டில் ஏதோ எழுதப் போனார்.

"எழுதாதீங்க அம்மிணி" என்றேன். "அந்தத் தம்பிக்கு எப்படித் தெரியும்? கீழ போட்டது நான். குழவியில தட்டி நேராக்குனதும் நான், சந்தனத்தை அப்பி மறைச்சதும் நான். பூஜைக்கு வெச்சதுன்னு மரியாதைக்கு அவன் தொடல. நான் மறைச்சு வெச்சதை நானே எடுத்துக் குடுத்தேன். அதுல என்ன கெட்டிக்காரத்தனம்?"

பேனா நின்றது. சுற்றி நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து வருஷத்துப் பெருமை அந்தப் புழுதியில் போயிற்று.

மாளவிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தொடைக்கும்போது தெரியாம சாஞ்சிருக்கும். அவ்ளோ பெரிய வண்டி, பாவம், வயசானவங்க" என்றார்.

பாவமா? இருபத்தோரு வருஷம் மொபெட்டில் இரண்டு பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போனவள் நான்.

"தொடைக்கும்போது ஒண்ணும் சாயல" என்றேன். "பிள்ளையார் கோயில் வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பி வந்தேன். ஊட்டு கேட்டுகிட்டத்தான் விழுந்தேன்."

"அமுச்சி!" என்று சம்யு அலறினாள்.

"நெசமாலுங்ளா?" இது சிவசெல்வம்.

மாளவிகா நோட்டை மூடிவிட்டார். அவருக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிவசெல்வத்தின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, அவனையும் சம்யுவோடு வரச் சொன்னார். என்னிடம், "கியர் எல்லாம் எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லாமல், வண்டி ஓட்டுகிற ஒருத்தியிடம் கேட்கிற மாதிரி கேட்டார். நானும் மறைக்காமல் சொன்னேன்.

ஒன்றும் இரண்டும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. மூன்றாவதுக்கு லிவர் எங்கே என்று குனிந்து தேடினேன். நிமிர்ந்தபோது கேட் வந்துவிட்டது. வண்டியின் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றாவது மட்டும்தான் இன்னும் பாக்கி.